ஐந்து நிமிடத்தில் பச்சை

என் ராத்தா அம்ஹாவைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாதி பொய். மீதியை நான் சொல்கிறேன். கூடப் பிறந்தவன் நான்தான், அவளுடைய வீட்டுக்கும் கல்முனைக்கும் இடையில் பை தூக்கித் திரிந்தவனும் நான்தான். பெயர் நிஸாம். கல்முனை பஸ் நிலையத்தில் நேரக் கணிப்பாளர் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுத வேண்டும். யாரும் சொன்ன நேரத்துக்கு வராத ஊரில் இப்படி ஒரு வேலை பார்க்கிறவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும், முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

ராத்தா சாய்ந்தமருதில் இருக்கிறாள். வயது முப்பத்தேழு. பிள்ளைகள் இல்லை. சார்ஜ் பண்ணுகிற லைட், டோர்ச், அவற்றின் சார்ஜர், இதெல்லாம் திருத்துவதுதான் தொழில். வெயில் காலத்தில் கிழமைக்கு இரண்டோ மூன்றோ வரும். மாரி பிறந்துவிட்டால் அவளுடைய மேசையில் தேத்தண்ணிக் கோப்பை வைக்க இடமிருக்காது. மீன்காரர், பாண்காரர், விடியுமுன் வயலுக்குப் போகிறவர்கள் என்று சைக்கிள் மிதிக்கிற எல்லாருடைய லைட்டும் மழையில் படுத்துவிடும்.

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடல் ஊருக்குள் வந்த வருஷம் அவளுக்குப் பதினாறு வயது. ஒரு பாடசாலைக் கட்டிடத்தில் இருந்தோம். நிவாரணச் சாமான்களோடு வீட்டுக்கொரு டோர்ச் தந்தார்கள். வீடே இல்லாதவர்களுக்கு வீட்டுக்கொரு டோர்ச். ஈரத்தில் ஒரு கிழமைக்குள் எல்லாம் செத்துப்போயின. இவள் ஒன்றைக் கழற்றினாள், பிறகு மற்றவர்களுடையதையும் வாங்கிக் கழற்றினாள். உம்மா போன பிறகு அந்தக் கைகளுக்கு வேறு வேலை இருக்கவில்லை என்று நினைக்கிறேன். நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

நனைந்த லைட்டைக் கொண்டு வருகிறவன் வீட்டிலேயே அதைச் சார்ஜில் போட்டுக் கெடுத்துவிட்டுத்தான் கொண்டு வருவான். “சார்ஜ்ல போட்டியா?” என்று கேட்பாள். “இல்ல ராத்தா” என்பான். மூடியைத் திறந்து ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு “போட்டிரிக்காய்” என்பாள். சிலர் அரிசிக்குள் புதைத்து வைத்துக் கொண்டு வருவார்கள். துவாரமெல்லாம் தவிடு அடைத்திருக்கும். “சோறாக்கப் போறியா, லைட் திருத்தப் போறியா?” என்பாள்.

அவளுடைய முறை வேறு. லைட்டில் கை வைக்குமுன் சார்ஜரையும் வயரையும் மாற்றிப் பார்ப்பாள். பாதி வருத்தம் அங்கேதான் இருக்கும் என்பாள். உப்புக் காற்றில் வெள்ளை பூத்திருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பாள். பிறகு பெட்டரியை வெளியே எடுத்து, லைட்டைப் பழைய சாரன் துண்டில் சுற்றி, பிரிஜ்ஜுக்குப் பின்னால் சூடு வருகிற இடத்தில் இரண்டு நாள் வைத்துவிடுவாள். இடையில் போன் எடுத்து “ஆச்சா?” என்று கேட்கிறவனுக்கு மூன்று நாள். கோபம் எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் இல்லை.

அவளுடைய மாப்பிள்ளை ஸஹீத் மச்சான் மீன் வியாபாரி. சுபஹ் தொழுதுவிட்டு, கடற்கரை வாடியில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சொறிக்கல்முனைக்குப் போவார். அங்கே அவருக்குப் பதினேழு வருஷ வாடிக்கை. போகிற வழியில் ஒரு தாம்போதி இருக்கிறது. மாரியில் வெள்ளம் அந்த ரோட்டுக்கு மேலால் பாயும். இரண்டு ஓரமும் நட்டிருக்கிற வெள்ளைக் கட்டைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கடக்க வேண்டும். விடியுமுன் அந்தக் கட்டைகள் தெரிய லைட் வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

அந்த லைட்டை ராத்தாதான் தேடி எடுத்துக் கொடுத்தாள். வயர் செருகுகிற துவாரமே இல்லாத வகை, அதனால் மழை உள்ளே போக வழியில்லை. லைட்டின் அடியில் இரண்டு பித்தளைப் பொட்டுகள் இருக்கும். சார்ஜர் ஒரு சின்னத் தட்டு, அதில் இரண்டு பித்தளை முனைகள். லைட்டைத் தட்டில் வைத்தால் பொட்டும் முனையும் தொட்டுக்கொள்ளும். சிவப்பு எரிந்தால் ஏறுகிறது, பச்சை எரிந்தால் நிறைந்துவிட்டது. மச்சானைப் பார்த்து மற்ற மீன்காரர்களும் அதையே வாங்கினார்கள்.

மச்சானிடம் ஒரு வழக்கம் இருந்தது. வியாழன் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு எங்கள் வீடுகளில் சாம்பிராணிச் சட்டியை அறை அறையாகக் கொண்டு போவார்கள். மச்சான் அதோடு விடமாட்டார். தராசு, ஐஸ் பெட்டி, சைக்கிள், லைட், சார்ஜர் தட்டு எல்லாவற்றுக்கும் புகை பிடிப்பார். தொழிலுக்குப் பரக்கத்து, மழை ஈரமும் போகும் என்பார். லைட்டைச் சட்டிக்கு மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சலவாத்து ஓதுவார். “மச்சான், மீனுக்கும் காட்டுங்க, கருவாடாகிரும்” என்று நான் பரிகாசம் பண்ணுவேன். ராத்தா சிரிப்பாள். நல்ல மனிசன். அவர் இருக்கும்போது அந்த வீட்டில் சத்தம் இருந்தது.

போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் தாம்போதி வெள்ளத்தோடு போய்விட்டார். சொறிக்கல்முனை வேளாண்மைக்காரர் ஒருவர் கண்டு, மற்றவர்களையும் கூப்பிட்டு இறங்கித் தூக்கியிருக்கிறார். எனக்குச் செய்தி வந்து நான் போகும்போது மணி ஒன்பது பத்து. சைக்கிள் நாணல் பற்றைக்குள் கிடந்தது. லைட் ஹாண்டிலில் இருந்தது. நான் அதன் சுவிச்சை அமத்திப் பார்த்தேன். எரியவில்லை. அந்தப் பக்கம் மச்சானுடைய மையத்தைத் தூக்கி வான் வண்டியில் ஏற்றுகிறார்கள், நான் இந்தப் பக்கம் சுவிச்சை அமத்திக்கொண்டு நிற்கிறேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ராத்தா ஒரே கேள்விதான் கேட்டாள். “தம்பி, லைட் எரிஞ்சதா?”

எப்படி, எங்கே, யார் கண்டது, ஒன்றும் கேட்கவில்லை. நான் “ஓம்” என்றேன். “எரிஞ்சுகிட்டுத்தான் கிடந்திச்சி ராத்தா. தண்ணிதான் இழுத்திரிக்கி. லைட்டுல ஒரு பிழையுமில்ல.”

ஊர் லைட்டெல்லாம் திருத்துகிறவளின் மாப்பிள்ளை, அவள் கொடுத்த லைட் அணைந்ததால் போனார் என்று நான் எப்படிச் சொல்வது? சொன்னது பொய், சொன்னதற்காக நான் வருந்தவில்லை. அவள் தலையை ஆட்டினாள். பிறகு உள்ளே போய் இருந்துவிட்டாள்.

இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள், வெள்ளை உடுப்பு, பிற ஆண்கள் முன்னால் வருவதில்லை. துணைக்கு எங்கள் சாச்சி, உம்மாவின் தங்கை, வந்து தங்கினார். பொலிஸ் விசாரணை முடிந்து திரும்பி வந்த சைக்கிளை நான் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். லைட்டை மட்டும் ராத்தா கேட்டு வாங்கி, ஒரு பையில் போட்டு, அறைக் கதவின் ஆணியில் மாட்டினாள். திறக்கவில்லை.

மூன்றாம் கிழமை, “ஆக்கள்ட லைட் கெட்டுக் கிடக்கும். கொண்டு வா தம்பி” என்றாள். இத்தாவில் இருக்கிற பெண்ணுக்கு இதென்ன வேலை என்று ஒருவர் என்னிடம் வந்து கதைத்தார். உங்கட டோர்ச்சும் அவக்கிட்டத்தான் கிடக்கு, திருத்தாமலே கொண்டு வந்து தரவா என்று கேட்டேன். ஆள் போய்விட்டார். அன்றிலிருந்து பஸ் நிலையத்தில் என் மேசைக்கடியில் நனைந்த லைட்டுகள் சேரும். நான் பின்னேரம் கொண்டு போவேன், திருத்தியதைக் காலையில் கொண்டு வருவேன்.

அவள் மரத்துப் போயிருந்தாள். அழுதால் ஆறுதல் சொல்லலாம், ஏசினால் கேட்டுக்கொண்டிருக்கலாம். இவள் எதுவும் செய்யவில்லை. தேத்தண்ணி ஆறி ஆடை படியும், அப்படியே குடிப்பாள். சாச்சி ஒருநாள் கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டார். ராத்தா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். “ஏசினாலும் பரவாயில்ல மகன், இது எனக்குப் பயமா இரிக்கி” என்று சாச்சி வாசலில் வைத்து என்னிடம் சொன்னார். நானும் அப்படித்தான் இருந்தேன். பஸ் வந்த நேரம், போன நேரம் எழுதினேன். வேறொன்றும் ஞாபகமில்லை.

ஜனவரியில், விடாமல் மழை பெய்த ஒரு புதன்கிழமை, மீராசா பஸ் நிலையத்துக்கு வந்தான். மச்சானோடு வாடியில் மீன் எடுக்கிற ஆள், மச்சானை விட இளையவன். மச்சான் போன பிறகு சொறிக்கல்முனைக்கு அவன்தான் மீன் கொண்டு போகிறான். லைட்டையும் சார்ஜர் தட்டையும் என் மேசையில் வைத்தான்.

“காக்கா, இத ராத்தாக்கிட்டக் குடுங்க. மழை தொடங்கினதுல இருந்து பேய் பிடிச்ச மாதிரி இரிக்கி. சார்ஜ்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல பச்சை வருது. ரோட்டுல ஏறினா கால் மணித்தியாலத்துல அணைஞ்சி போகுது.”

“நனைஞ்சத அப்படியே சார்ஜ்ல போட்டிரிப்பாய்.”

“இல்ல காக்கா. நல்லாக் காய வெச்சித்தான் போடுற. ஸஹீத் காக்கா சொல்லித் தந்த மாதிரித்தான்.”

அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடித்தது. பதினெட்டு நிமிஷம் பிந்தி வந்தவருக்கு ஹோர்ன் வேறு. நான் லைட்டைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து போனேன்.

அன்றைக்கு எனக்கு அரை நாள். ளுஹர் தொழுதுவிட்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். அவள் மேசையில் யாருடையதோ ஒரு டோர்ச்சுக்கு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தாள். மீராசா சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவளுடைய கை நின்றது. “திரும்பச் சொல்லு.”

“சார்ஜ்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல பச்சை வருதாம்.”

“காய வெச்சானாமா?”

“ஓம். மச்சான் சொல்லிக் குடுத்த மாதிரியாம்.”

அவள் ரப்பர் வளையத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய், அறைக் கதவின் ஆணியிலிருந்து அந்தப் பையை எடுத்து வந்தாள். “இப்ப என்னத்துக்கு ராத்தா, பொறவு பாப்போம்” என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சாச்சி குசினி வாசலில் வந்து நின்றார்.

மச்சானுடைய லைட்டின் மூடியைத் திருகிக் கழற்றினாள். ரப்பர் வளையம் நன்றாகத்தான் இருந்தது, உள்ளே ஓரத்தில் மட்டும் தண்ணீர்த் தடம். பெட்டரி செத்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டு டப்பாவிலிருந்து அதே வகைப் பெட்டரி ஒன்றை எடுத்து மீற்றரில் வைத்துக் காட்டினாள். “இது வெறும் பெட்டரி. ஒண்டுமில்ல இதுக்குள்ள, என்ன.” அதை உள்ளே போட்டு, மூடியைத் திருகி, லைட்டை வீட்டிலேயே கிடந்த அதன் தட்டில் வைத்தாள்.

பச்சை வந்தது. வைத்த கையோடு வந்தது.

“இதென்ன, வெறும் பெட்டரிக்குப் பச்சை?” என்றேன்.

“பொட்டு தொடல்ல. கரண்ட் போகாட்டி இந்தத் தட்டுக்கு லைட் நிறைஞ்சிட்டு எண்டுதான் விளங்கும். அப்ப பச்சையக் காட்டும்.” பாடம் ஒப்புவிக்கிற குரல். வேறொன்றும் அந்தக் குரலில் இல்லை.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இரண்டு பொட்டுகளையும் தேய்த்தாள். பிறகு தட்டின் முனைகளை. பஞ்சு மண்ணிறமாக வந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் மண்ணிறம். அதை என் பக்கம் நீட்டினாள். “மணந்து பார்.”

ஸ்பிரிட் மணம் போன பிறகு சாம்பிராணி மணத்தது. அந்த வீட்டின் வியாழக்கிழமை மணம். எனக்கு மச்சானைப் பக்கத்தில் கண்ட மாதிரி இருந்தது.

“புகை படிஞ்சி படிஞ்சி பிசினாகியிரிக்கி. தண்ணிக்குக் கரையாது இது. அதான் அவ்வளவு வெள்ளத்துக்குப் பொறவும் கிடக்கு” என்றாள். மீராசாவின் லைட்டையும் துடைத்தாள். அதே நிறம், அதே மணம். அவன் காய வைத்ததும் சாம்பிராணிச் சட்டிக்கு மேலேதான். “மீராசாக்குப் போன் எடு. மத்த மீன்காரருக்கும் சொல்லச் சொல்லு. லைட்டுக்கும் தட்டுக்கும் ஒருத்தரும் புகை காட்ட வேணாம். வெச்சி அஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள பச்சை வந்தா அதோட ரோட்டுல ஏற வேணாம்.”

நான் போன் எடுத்துச் சொன்னேன். மீராசா அந்தப் பக்கத்தில் ஓம் ஓமென்று கேட்டுக்கொண்டான். பிறகு, “அப்ப ஸஹீத் காக்கா?” என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

ராத்தா மச்சானுடைய லைட்டைத் திரும்பத் தட்டில் வைத்தாள். இம்முறை சிவப்பு.

“நேரம் பார் தம்பி.”

“ஒண்டு முப்பத்தஞ்சி.”

அவள் கதிரையைச் சிவப்புக்கு நேரே இழுத்துப் போட்டு இருந்தாள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சாச்சி சோறு சாப்பிடக் கூப்பிட்டார், யாரும் போகவில்லை. இரண்டு மணியானது, இரண்டரையானது. ஒரு லைட் சார்ஜ் ஆவதை மனிதர் இருந்து பார்ப்பார்களா? நானும் இருந்து பார்த்தேன். மூன்று மணியளவில் எனக்குத் தாங்கவில்லை.

“ராத்தா, நான் அண்டைக்குப் பொய் சொன்னன். லைட் எரியல்ல. நான் சுவிச்சை அமத்தியும் பாத்தன். எரியல்ல.”

“தெரியும்” என்றாள்.

“எப்ப தெரியும்? இப்பயா?”

“நீ சொல்லக்குள்ளயே தெரியும்.”

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதமாக அந்தப் பொய்யை நெஞ்சில் கட்டித் தூக்கியிருக்கிறேன், இவள் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள். “தெரிஞ்சா ஏன் கேட்டீங்க? தெரிஞ்சா ஏன் ஒண்டும் சொல்லல்ல?” என்று சத்தம் போட்டேன். அவள் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாச்சி வந்து என் தோளில் கை வைத்து “சும்மா இரி மகன்” என்றார்.

அஸர் பாங்கு சொல்லி முடிந்து, மழை சற்று விட்ட நேரம், பச்சை வந்தது.

“இப்ப எத்தினை மணி?”

“நாலேகால்.”

“ரெண்டு மணித்தியாலம் நாப்பது நிமிஷம்” என்றாள். லைட்டைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “அண்டைக்கு வியாழக்கிழமை மஃரிபுக்குப் பொறவு, சாம்பிராணி காட்டி முடிச்சி, அவருதான் இதச் சார்ஜ்ல வெச்சாரு. நான் குசினிக்குள்ள மீன் பொரிச்சிக்கிட்டிருந்தன். இங்க இருந்து சத்தமாச் சொன்னாரு, அம்ஹா, அஞ்சு நிமிஷத்துல பச்சை வந்திட்டு, உன்ட லைட் நல்ல லைட் எண்டு.”

நான் தட்டைப் பார்த்தேன், பிறகு அவளுடைய மடியில் இருந்த லைட்டை.

“வேற ஆரும் வந்து அப்படிச் சொல்லியிருந்தா, நான் அந்த இடத்திலயே கழட்டிப் பாத்திருப்பன். அஞ்சு நிமிஷத்துல நிறையாதெண்டு எனக்குத் தெரியும்தானே தம்பி. இந்த ஊருல எனக்குத்தானே தெரியும்.” அவள் சுவிச்சை அமத்தினாள். லைட் எரிந்தது. பகல் வெளிச்சத்திலும் எதிர்ச் சுவரில் வட்டமாகத் தெரிந்தது. “மீன் கருகுதெண்டு சட்டியப் பாத்துக்கிட்டே நான் ஓமெண்டு சொன்னன்.”

சாச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. ராத்தா அழவில்லை. லைட்டை அணைத்து, துணியில் துடைத்து, ஒரு பையில் போட்டு என் கையில் தந்தாள்.

“மீராசாட லைட் ரெண்டு நாள் பிரிஜ்ஜுக்குப் பின்னால இரிக்கணும். அது வரைக்கும் இத வெச்சிக்கச் சொல்லு. நாளைக்கும் அவன் தாம்போதியாலதானே போகணும்.”